அந்தக் காத்தாடி காற்றில்லாமல் நிற்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் எங்கள் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். பழைய காத்தாடிகளைக் கழற்றிவிட்டுப் பெரிய மெஷின்களை நிறுத்துவது நாட்டுக்கு எவ்வளவு நல்லது என்று கட்டுரை. சரி, நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: ‘காற்று யாருடைய பூர்வீகச் சொத்தும் அல்ல, பக்கத்துக் காற்றாலைகளுக்கு ஏற்படும் பாதிப்பு மிகச் சொற்பம் என்று கணினி ஆய்வு காட்டியிருக்கிறது.’ இதைப் படித்ததிலிருந்து நாலு நாளாக நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வீட்டில் புகார். எழுதித் தொலையுங்கள் என்று என் மனைவியே பேனாவை எடுத்துக் கொடுத்ததால் எழுதுகிறேன்.

எந்தக் கணினி ஐயா? யார் உட்கார்ந்து எதை உள்ளே போட்டார்கள்? ஜோசியரிடம் போனால்கூடப் பிறந்த நேரம் சரிதானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறோம். உங்கள் நிருபர் இதைக்கூடக் கேட்கவில்லை. ஆய்வு செய்தது யார் என்று கட்டுரையில் இல்லை, ஆனால் அதே இதழில் ஐந்தாம் பக்கத்தில் முழுப்பக்க விளம்பரம் யாருடையது என்று பார்த்தேன். தற்செயலாகத்தான் இருக்கும்.

எனக்குக் குடிமங்கலம் பக்கத்தில் இரண்டு காத்தாடிகள் இருக்கின்றன. 250 கிலோவாட் மெஷின், 1996இல் வங்கிக் கடனில் போட்டது, 30 மீட்டர் கோபுரம், இறக்கை வட்டத்தின் விட்டமும் ஏறக்குறைய அதே 30 மீட்டர். அந்தக் காலத்தில் மெஷின் விலை முழுவதையும் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் நூறு சதவீதத் தேய்மானச் சலுகை இருந்ததால் எங்களை எல்லாம் வரி மிச்சம் பிடிக்க வந்த கூட்டம் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அதற்கு நான் அனுப்பிய பதில் கடிதம் பிரசுரமாகவில்லை. 2017இல் சலுகையை 40 சதவீதமாகக் குறைத்தபோது எழுதிய கடிதத்தில் கடைசி நாலு வரி மட்டும் வந்தது, அதிலும் பூளவாடியைப் ‘புலவாடி’ ஆக்கியிருந்தீர்கள். போகட்டும்.

இப்போது என் முதல் காத்தாடிக்கு நேர் மேற்கே சுமார் 720 மீட்டரில் ஒரு பெரிய மெஷின் வந்து நிற்கிறது. விட்டம் 144 மீட்டர், கோபுரம் 140 மீட்டர். போட்டவர்களிடம் போய்க் கேட்டேன். வந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். ‘சார், எங்க பிளேடோட கீழ் நுனியே 68 மீட்டர் உயரத்துல இருக்கு, உங்க மெஷின் மொத்தமே 45 மீட்டர்தான், உங்க காத்து எங்களுக்குக் கீழே அப்படியே போயிடும்’ என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்து கணக்குப் போடும் வரைக்கும்.

நான் 1979இல் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் முடித்தவன். பெருக்கலும் வகுத்தலும் இன்னும் மறக்கவில்லை. சுற்றுகிற இறக்கை காற்றிலிருந்து சக்தியை எடுத்துக்கொண்டு, வேகம் குறைந்த கலங்கிய காற்றைப் பின்னால் விடுகிறது. படித்தவர்கள் ‘வேக்’ என்பார்கள், எங்கள் ஆபரேட்டர் ‘எச்சில் காத்து’ என்பார். அவர் வைத்த பெயரே எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த எச்சில் காற்று நேராகப் போவதில்லை, போகப் போக விரியும். டென்மார்க்கில் ஜென்சன் என்பவர் 1983இல் இதற்கு ஒரு எளிய சூத்திரம் சொன்னார், இன்றைக்கும் பாதிப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். கடலில் அல்லாமல் நிலத்தில் அது 100 மீட்டருக்கு ஒவ்வொரு பக்கமும் ஏழரை மீட்டர் விரிவதாக வைத்துக்கொள்வது வழக்கம். 720 மீட்டரில் 54 மீட்டர். 68இல் 54 போனால் மிச்சம் 14. என் இறக்கை சுற்றுவது 15 மீட்டரிலிருந்து 45 மீட்டர் வரைக்கும். கீழே போகிற காற்று எங்கே ஐயா போகிறது?

அதே சூத்திரத்தில் பெரிய மெஷினின் ஐந்து விட்டத் தூரத்தில், அதாவது அதே 720 மீட்டரில், வேகம் 18 சதவீதம் குறைகிறது. 18தானே என்று தோன்றும். மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல, ஆக உற்பத்தியில் இழப்பு 45 சதவீதம். ஆடியில் காற்று முரட்டடி அடிக்கும்போது இவ்வளவு வராது, பெரிய மெஷினுக்கே தேவைக்கு மேல் காற்று கிடைப்பதால் அது மிச்சத்தை விட்டுவிடும். அதை நானே ஒத்துக்கொள்கிறேன். நடுத்தரக் காற்றில்தான் அடி. என் இரண்டாவது காத்தாடி தெற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதே மெஷின், அதே வயசு, அதற்கு முன்னால் யாரும் வரவில்லை, அது பழைய கணக்கிலேயே ஓடுகிறது. முதல் மெஷின் மட்டும் படுத்துவிட்டது. 29 வருட ரிஜிஸ்டர் என்னிடம் இருக்கிறது, கணினி ஆய்வு செய்த யாரும் அதைக் கேட்டு வரவில்லை.

பிறகு எப்படி ‘சொற்பம்’ வந்தது? அதுவும் எனக்குத் தெரியும். காற்று எல்லாத் திசையிலிருந்தும் வருகிற மாதிரி வருடம் முழுவதற்கும் சராசரி போட்டால் எந்த இழப்பும் கரைந்துபோகும். எங்களுக்கோ பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிப்பதுதான் காற்று, மே முதல் செப்டம்பர் வரைக்கும் அதுதான் சீசன், வருட வருமானமே அதில்தான். மேற்கே மறைத்தால் மறைத்ததுதான். இரவில் இன்னும் மோசம். பகலில் தரை சுட்டுக் காற்று மேலும் கீழும் கலப்பதால் குறைந்த வேகம் சீக்கிரம் ஈடாகிவிடும், ராத்திரி காற்று அடுக்கடுக்காகக் கலக்காமல் கிடப்பதால் எச்சில் காற்று வெகுதூரம் அப்படியே போகும். வடகடலில் ஜெர்மனிக்காரர்கள் விமானத்தில் பறந்து அளந்து 70 கிலோமீட்டர் வரைக்கும் பார்த்ததாக 2018இல் வெளியிட்டார்கள். டெக்ஸாஸில் ஒரு காற்றாலைப் பண்ணைக்குப் பின்னால் இருந்த இன்னொரு காற்றாலைப் பண்ணைக்குச் சில வருடங்களில் பல மில்லியன் டாலர் நஷ்டம் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் போன்ற பெரிய காற்றாலைக் கம்பெனியே இந்த இழப்பைக் கணக்கில் குறைத்துப் போட்டுவிட்டோம் என்று 2019 அக்டோபரில் தானாக அறிவித்தது. அவர்கள் கணினி தப்பும், எங்கள் ஊருக்கு வந்த கணினி மட்டும் தப்பாது போலிருக்கிறது.

காற்றின் போக்கில் 7 விட்டம், குறுக்கே 5 விட்டம் இடைவெளி என்பது பழைய வழக்கம். 2016 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் மறுநிறுவல் கொள்கையிலேயே அதைத் தளர்த்திவிட்டார்கள். அது இருந்தபோதும் யாருடைய விட்டம் என்பதில் சண்டைதான். என் விட்டம் என்றால் 210 மீட்டர், அவர்கள் விட்டம் என்றால் ஒரு கிலோமீட்டர். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு எழுத்து உண்டா?

பூர்வீகச் சொத்து விஷயத்துக்கு வருகிறேன். உறுத்தியது அதுதான். 1996இல் எனக்குக் கிழக்கே ஒரு பெரியவரின் காத்தாடி இருந்தது. என் மெஷின் வந்த பிறகு தனக்கு யூனிட் குறைகிறது என்று வீட்டுக்கே வந்தார். ‘காத்து என்னங்க, உங்க பூர்வீகச் சொத்தா?’ என்று இதே வார்த்தையில் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மோரைக் குடித்துவிட்டுப் போனார். இப்போது அவர் இல்லை. இதை எழுத வேண்டிய அவசியமில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன், நீங்கள் வெட்டினாலும் வெட்டுவீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கட்டுரையோடு போட்ட படத்தில் இருப்பது என் முதல் காத்தாடி. கீழே ‘காற்றில்லாமல் நிற்கும் பழைய காற்றாலை’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆடி மாதத்தில் காற்றில்லையாம்! அன்று காலை கிரிட்டில் மின்சாரம் கூடிவிட்டது, மெஷினை நிறுத்துங்கள் என்று ஃபோன் வந்ததால் நிறுத்தினோம். அதே படத்தில் இடது ஓரத்தில் இருக்கிற தென்னை மரங்களைப் பாருங்கள், ஓலை எல்லாம் கிழக்கே சீவிவிட்ட மாதிரி கிடக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி, ‘உத்தரவின்பேரில் நிறுத்தப்பட்டது’ என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
1988 முதல் தங்கள் வாசகன்,
உடுமலைப்பேட்டை.

பி.கு.: திருத்தத்தோடு படத்தையும் மறுபடி போடுவதாக இருந்தால், இடம் போதவில்லை என்று தென்னையை வெட்டிவிட வேண்டாம்.