மாதம் இருமுறையா, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற புதன்கிழமை உங்கள் வணிகப் பக்கத்தில் 'மாதம் இருமுறை கூடும் ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு' என்று ஒரு வரி வந்திருந்தது. காலையில் காபியோடு படித்தேன், மத்தியானம் சாப்பிட உட்காரும்வரை அது மனதை விட்டுப் போகவில்லை. வங்கிக் கடன் வட்டிக்கெல்லாம் அடிப்படையான விகிதத்தை முடிவுசெய்கிற அந்தக் குழு மாதம் இருமுறை கூடுவதில்லை ஐயா. ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர், பிப்ரவரி என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வழக்கமாக ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. நாணயக் கொள்கை அறிக்கைக்கு ரிசர்வ் வங்கி ஆங்கிலத்தில் 'பை-மந்த்லி' என்று பெயர் வைத்திருக்கிறது. 2014 ஏப்ரலிலிருந்து அந்தப் பெயர்தான். உங்கள் செய்தியாளர் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறார், 'பை' என்றால் இரண்டு, 'மந்த்' என்றால் மாதம், சரி மாதம் இருமுறை என்று எழுதிவிட்டார். போன கூட்டம் எப்போது நடந்தது என்று உங்கள் பழைய இதழையே ஒருதரம் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் வீட்டுக்கடன் வாங்கிய ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, இனிமே மாசத்துக்கு ரெண்டு தடவை வட்டி மாறுமா?" என்று கேட்டார். உங்கள் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அவருக்கு விளக்கிச் சொல்லக் கரண்ட் பில்லைத்தான் உதாரணம் காட்ட வேண்டியிருந்தது. மின்வாரியக் கணக்கெடுப்பும் ஆங்கிலத்தில் 'பை-மந்த்லி'தானே, மாதம் இரண்டு தடவையா உங்கள் வீட்டுக்கு ரீடிங் எடுக்க வருகிறார்கள், அந்த 100 யூனிட் இலவசம் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத்தானே என்று கேட்டதும் புரிந்துகொண்டார். அவருக்குப் புரிந்தது, பத்திரிகைக்குப் புரியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நான் 34 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். கெடு தேதி எண்ணுவதுதான் எனக்குச் சோறு போட்டது. ஒரு மாதம் என்பது வேறு, 30 நாள் என்பது வேறு என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே சீனியர் சொல்லிக்கொடுத்தார். மூன்று மாதம் என்று சட்டம் சொன்னால் அதை 90 நாள் என்று எண்ணக்கூடாது, காலண்டர் மாதமாகத்தான் எண்ண வேண்டும் என்று 2010ல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. நம் நாட்டில் 1897ஆம் வருடத்துப் பொதுப் பிரிவுகள் சட்டம் மாதம் என்றால் ஆங்கிலக் காலண்டர் மாதம் என்று எழுதியே வைத்துவிட்டது. ஏன் அப்படி எழுத வேண்டி வந்தது என்று நினைக்கிறீர்கள்? இங்கிலாந்தில் வெகுகாலம் சட்டத்தில் 'மந்த்' என்றால் 28 நாள் கொண்ட சந்திர மாதம். 'ட்வெல்வ் மந்த்ஸ்' என்று குத்தகை எழுதினால் 48 வாரம்தான், 336 நாளில் முடிந்துவிடும். அதையே 'எ ட்வெல்வ்மந்த்' என்று ஒருமையில் எழுதினால் முழு வருடம். கடைசியில் ஒரு எழுத்து, அதற்கு நான்கு வாரக் குடித்தனம் விலை. அவர்களே 1850ல் ஒரு சட்டம் போட்டுத்தான், சட்டங்களில் 'மந்த்' என்று வந்தால் காலண்டர் மாதம் என்று தீர்த்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்களே இவ்வளவு தடுமாறிய சொற்களை நாம் கண்ணை மூடிக்கொண்டு தமிழாக்குகிறோம்.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது வருமான வரியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலும் உங்கள் பத்திரிகை மீது எனக்குப் பழைய மனத்தாங்கல் உண்டு. 1961ஆம் வருடத்து வரிச் சட்டத்தில் 'ப்ரீவியஸ் இயர்' என்று ஒரு சொல். கேட்டால் போன வருடம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அது நாம் சம்பாதிக்கிற வருடம், வரி கணக்கிடும் 'அசெஸ்மென்ட் இயர்' அதற்கு அடுத்தது. நடப்பு வருடத்தில் உட்கார்ந்துகொண்டே அதை முந்தைய வருடம் என்று சொல்ல வைத்த சட்டம் அது. உங்கள் வரி ஆலோசனைப் பகுதியில் ஒருமுறை அதை 'கடந்த ஆண்டு' என்று போட்டிருந்தீர்கள். ஓய்வூதியக்காரர்கள் எத்தனை பேர் எந்த வருடத்துக் கணக்கைச் சொல்வது என்று குழம்பியிருப்பார்கள்! அப்போதும் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. 2025ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்தில் அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டு 'டாக்ஸ் இயர்' என்று ஒரே சொல்லாக வைத்துவிட்டார்கள். அரசாங்கத்துக்கே அறுபது வருடம் கழித்துத் தோன்றியிருக்கிறது, சொல் தெளிவாக இருக்க வேண்டும் என்று.

இதெல்லாம் காகித விஷயம், இதற்கா இவ்வளவு கோபம் என்று நீங்கள் நினைக்கலாம். என் கோபம் காகிதத்தில் தொடங்கியது இல்லை ஐயா.

சில வருடங்களுக்கு முன் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அப்போது அவருக்கு 81 வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் மற்ற மருந்துகளோடு வைட்டமின் டி பொடி, 60,000 யூனிட், 'பை-வீக்லி' என்று இருந்தது. நான் ஆங்கிலம் தெரிந்தவன், ஆங்கிலத்தில் பிராது தட்டச்சு செய்தவன். வாரம் இரண்டு தடவை என்று படித்தேன். மெடிக்கல் ஷாப் தம்பியும் அப்படித்தான் படித்தார், கவரின் மேல் பேனாவால் 'வாரம் 2' என்று எழுதியும் கொடுத்தார். ஞாயிறும் புதனும் பாலில் கலக்கி நானே என் கையால் கொடுத்தேன். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. இரண்டு மாதம் ஆனது. அம்மா சோறு வேண்டாம் என்றார். வாந்தி, ஓயாத தாகம், மலச்சிக்கல். ஒருநாள் என்னைப் பார்த்து, செத்துப்போன என் மாமா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டோம். வேறொரு மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தத் தாளைக் காட்டினேன். முதல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டபோது, "ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னுதானே எழுதியிருக்கோம்" என்றார்கள். நான்கு தடவை கொடுக்க வேண்டியதைப் பதினாறு தடவை கொடுத்திருக்கிறேன். பொடியை நிறுத்தி, நாலைந்து நாள் சலைன் ஏற்றி, மெல்ல மெல்ல அம்மா தேறிவந்தார். யார் மீது குற்றம் சொல்வது? எழுதியவரும் தவறாக எழுதவில்லை, படித்த நானும் தவறாகப் படிக்கவில்லை. அகராதியில் 'பை-வீக்லி' என்று பார்த்தால் வாரம் இருமுறை என்றும் இருக்கிறது, இரு வாரத்துக்கு ஒருமுறை என்றும் இருக்கிறது. ஒரே சொல், ஒன்றுக்கு நான்கு மடங்கு வித்தியாசம்.

அப்புறம்தான் எனக்கு இந்தச் சொற்கள் மீது கண் விழுந்தது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகளுக்குச் சம்பளம் 'பை-வீக்லி', அது இரு வாரத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு 26 சம்பளம். அவள் தோழிக்கு 'செமி-மந்த்லி', மாதம் இருமுறை, 24 சம்பளம். 'பையான்யுவல்' என்றால் பொதுவாக வருடம் இருமுறை, 'பையெனியல்' என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கொச்சியில் 2012ல் தொடங்கிய கலைத் திருவிழாவை 'பியனாலே' என்பது இந்த இரண்டாவது அர்த்தத்தில்தான், உங்கள் ஞாயிறு மலர் அதை 'ஆண்டுக்கு இருமுறை நடக்கும்' என்று எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நண்பகலைச் சொல்லும் 'நூன்' என்ற சொல்கூட ஒரு காலத்தில் சூரியன் உதித்து ஒன்பதாம் மணியை, ஏறக்குறைய பிற்பகல் மூன்று மணியைக் குறித்ததாம், நகர்ந்து நகர்ந்து பன்னிரண்டுக்கு வந்திருக்கிறது.

நம்மிடம் சொல் இல்லாமலா இருக்கிறது? தமிழ்ப் பத்திரிகைகள் அட்டையிலேயே 'மாதமிருமுறை' என்று ஒரு சாரார் போடுகிறார்கள், 'இருமாத இதழ்' என்று ஒரு சாரார் போடுகிறார்கள். சந்தா கட்டுகிற ஒருவருக்காவது இதில் சந்தேகம் வந்திருக்கிறதா? கார் தொடங்கி முதுவேனில் வரை பெரும்பொழுது ஆறு, ஒவ்வொன்றும் இரண்டு மாதம் என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். நம்மிடமும் குழப்பம் உண்டு, மறுக்கவில்லை. மண்டலம் என்றால் இங்கே 48 நாள், சபரிமலைக்கு 41 நாள். 'வெள்ளி நள்ளிரவு முதல்' என்று நீங்கள் தலைப்புப் போட்டால் அது வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் நேரமா, வெள்ளி முடியும் நேரமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரவு 12.10க்கு ரயில் என்று அந்தத் தேதி ராத்திரி பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய், வண்டி முந்தின ராத்திரியே போய்விட்டது என்று திரும்பி வந்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர். ஆனால் மாதம் இருமுறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்ற இடத்தில் தமிழ் துல்லியமாக இருக்கிறது. அந்தத் துல்லியத்தை நீங்களே கெடுக்கலாமா?

அம்மாவுக்கு நேர்ந்ததை அந்த வருடமே உங்களுக்கு எழுதினேன், மருத்துவப் பக்கத்தில் இப்படி ஒரு எச்சரிக்கை போடுங்கள் என்று கேட்டிருந்தேன். கடிதம் வரவில்லை. தொலைபேசியில் உதவி ஆசிரியர் ஒருவர் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். "சார், டிக்‌ஷனரியில ரெண்டு அர்த்தமும் இருக்கே, நாங்க என்ன செய்ய முடியும்" என்றார். இரண்டு அர்த்தமும் இருப்பதால்தானே ஐயா நான் எழுதியதே.

நான் கேட்பது இரண்டுதான். புதன்கிழமை வந்த அந்த வரிக்கு அதே வணிகப் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம், வீட்டுக்கடன்காரர்கள் கண்ணில் படுகிற மாதிரி போடுங்கள். அடுத்து, மொழிபெயர்க்கிறவர்களிடம் 'பை' என்று தொடங்கும் காலச் சொல் எது வந்தாலும், அந்த நிகழ்ச்சி வருடத்துக்கு எத்தனை தடவை நடக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். எண்ண முடியாவிட்டால் போன் செய்து கேட்கச் சொல்லுங்கள். என் எண் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, காலை ஆறு மணியிலிருந்து நான் விழித்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
திருநெல்வேலி டவுன்