நம்ம கோவில் பீடத்துக்கு உழைச்ச எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க! பங்கு மக்களுக்கும் வெளியூர்லயும் வெளிநாட்டுலயும் கப்பல்லயும் இருக்கிற நம்ம சொந்தங்களுக்கும் வணக்கம். கோவிலுக்கு உள்ள நடந்த வேலை முடிஞ்சு நடுப்பீடத்தை மூடியிருந்த தார்ப்பாயை எடுத்தாச்சு, போட்டோ எல்லாம் குரூப்ல பாத்திருப்பீங்க, ஆனா யார் யார் கை பட்டு இது இப்படி ஆச்சுன்னு போட்டோவுல தெரியாதே, அதுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சு நின்னு "அந்தப் பீடத்துல கை வைக்கக் கூடாது"ன்னு சொன்ன நம்ம பாட்டிமாருக்கு. செல்லரிச்ச பீடத்தைக் கழட்டிட்டு கிரானைட் போட்டு, புதுசா பைபர் சுரூபம் வாங்கிரலாம்னு கொட்டேஷன் வரைக்கும் வந்தாச்சு, அன்னைக்கு அவங்க வாய் திறக்கலைன்னா இவ்வளவு தேக்கும் இந்நேரம் ஏதாவது பழைய மரக்கடையில கிடந்திருக்கும். அதை மதிச்சு முடிவை மாத்துன ஃபாதருக்கும் ரொம்ப நன்றி. அடுத்த ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல அவர் 1963-ல வந்த திருவழிபாடு பத்தின ரெண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டை எடுத்துட்டு வந்து 126-வது எண்ணை வாசிச்சுக் காட்டுனாரு, கோவில் தட்டுமுட்டுப் பொருளோ விலைமதிப்புள்ள கலைப்பொருளோ கைமாறியோ சிதறியோ போயிராம ஆயர்கள் கவனமாப் பாத்துக்கணும்னு அதுல தெளிவா இருக்கு. வத்திக்கான் சங்கம்தான் பழசை எல்லாம் இடிக்கச் சொல்லுச்சுன்னு இன்னமும் நிறைய பேர் நினைக்கிறாங்க. மக்களைப் பாத்து பூசை வைக்க முன்னால ஒரு பீடம் வேணும், சரி, அதுக்காக பின்னால சுவரோட நிக்கிற பழைய பீடத்தை உடைச்சே ஆகணும்னு யாரும் சொல்லல. அப்படிச் சொன்னதா நினைச்சுக்கிட்டு எத்தனை ஊர்ல நற்கருணை வாங்க முழங்கால் போடுற கிராதியும், சாமியார் ஏறி நின்னு பேசுற பிரசங்கத் தொட்டியும் விறகாப் போச்சோ, நினைச்சா வயிறு எரியுது.

நம்ம ஊர்லயும் கிராதியைக் கழட்டுனாங்கதான். ஆனா அதோட பலகைகளை வலை போட்டு வைக்கிற கொட்டகையில பரண் மேல இத்தனை வருஷம் பத்திரமா வச்சிருந்து, கேட்டதும் ஒரு பைசா வாங்காம தூக்கிட்டு வந்து குடுத்த அந்தக் குடும்பத்துக்கு என்ன சொல்லி நன்றி சொல்ல. பேர் போடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, போடல. திராட்சைக்கொடியும் கோதுமைக்கதிரும் செதுக்குன அந்தப் பலகைகள்தான் இப்போ நற்கருணைப் பேழைக்கு ரெண்டு பக்கமும் இருக்கு.

ஆசாரி அண்ணாச்சி வேற சாமியைக் கும்புடுறவரு, ஆனா காலையில உளியை எடுக்கிறதுக்கு முன்னால செருப்பை வெளிய விட்டுட்டு மாதாவைப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பாரு. பூச்சி தின்ன இடத்தை மட்டும் வெட்டி எடுத்து அதே ரேகை ஓடுற பழைய தேக்காத் தேடி ஒட்டுனாரு. அந்த மரத்தைக் குடுத்த மரக்கடை பாய்க்கும் நன்றி, கோவிலுக்குன்னு சொன்னதும் அவர் விலையே பேசல.

பெயின்ட் எடுக்கிற வேலைக்கு வந்த சென்னைத் தங்கச்சிகளைப் பத்திச் சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது. திருவிழாவுக்குத் திருவிழா நம்ம ஆளுங்க பக்தியோட அடிச்ச எனாமல் சுரூபங்க மேல அடுக்கடுக்கா ஏறி, மூக்கு முழி விரல் எல்லாம் மழுங்கிப் போயிருந்துச்சு. பஞ்சை மருந்துல தொட்டு ஒரு ரூபாக் காசு அகலத்துக்குத் தேச்சுப் பாத்து, மருந்து கீழ இருக்கிற பழைய வண்ணத்தைத் தின்னலைன்னு உறுதியான பிறகுதான் அடுத்த இடத்துக்குப் போனாங்க. சவேரியார் காலடியில கல்லுன்னு நாம நினைச்சுட்டு இருந்த கட்டி இருக்கில்ல, நீலம் போச்சு, அதுக்குக் கீழ சில்வர் போச்சு, ரோஸ் போச்சு, கடைசியில பாத்தா அது நண்டு! ரெண்டு கொடுக்காலயும் பாடுபட்ட சுரூபத்தை, அதான் இயேசு தொங்குற சிலுவையை, தூக்கிப் பிடிச்சிருக்கு. இந்தோனேசியாவுல இருக்கிற மொலுக்காஸ் தீவுப் பக்கம் புயல்ல சவேரியார் கைய விட்டு கடல்ல போன சிலுவையை ஒரு நண்டு கரைக்குக் கொண்டுவந்து குடுத்த கதை நமக்கெல்லாம் தெரியும், முதுகுல சிலுவைக் கோடு போட்ட சிலுவை நண்டு நம்ம வலையிலயும் விழும், 1542-ல நம்ம கடற்கரைக்கு வந்த அந்த மனுசனோட காலடியில அதைச் செதுக்கி வச்ச கை எந்தக் கையோ. அன்னைக்குச் சாயங்காலம் கடலுக்குப் போக வேண்டியவங்க கூட கோவில்ல வந்து நின்னு பாத்துட்டுத்தான் போனாங்க.

தங்க ரேக்கு, அதான் ரொம்ப மெல்லிசான தங்கத் தகடு, ஒட்டுனதையும் சொல்லணும். சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, அது மேல செம்மண் குழம்பு தடவி, அதுக்கு மேலதான் ரேக்கு. மூச்சு விட்டாலே பறந்துரும்னு ஃபேனை எல்லாம் நிப்பாட்டிட்டு வேர்வை ஊத்த வேலை பாத்தாங்க. பிரஷ்ஷைக் கன்னத்துல லேசா உரசுறாங்க, அந்தத் துளி எண்ணெய்ப் பசையிலயே ரேக்கு ஒட்டிக்கிட்டு வருது, காஞ்ச பிறகு அகேட் கல்லால தேய்க்கத் தேய்க்க மினுக்கம் ஏறுது. டப்பா கோல்ட் பெயின்ட் அடிச்சா இந்த மினுக்கம் சத்தியமா வராது, கொஞ்ச வருஷத்துல கறுத்துப் போயிரும்.

சிலுவைப் பாதை படங்கள் பிரெஞ்சு சேசு சபைச் சாமியார்கள் இந்தப் பக்கம் இருந்த காலத்துது, அடியில பிரெஞ்சு எழுத்தே இருக்கு. உப்புக் காத்துல சிலது ரொம்பக் கெட்டுப் போச்சு, ஆனா 14 படத்து மேலயும் இருக்க வேண்டிய சின்ன மரச்சிலுவை ஒண்ணு கூடத் தொலையல, மந்திரிச்ச சிலுவைதான் முக்கியம்னு கோவில் வேலையெல்லாம் பாத்துக்கிற கோவில்பிள்ளை ஐயா ஒவ்வொரு வெள்ளையடிப்புக்கும் கழட்டி எண்ணி அலமாரியில பூட்டி வச்சதுனாலதான். ஐயா, நீங்க நல்லா இருக்கணும்.

சுவர்ல இருந்த சிமென்ட்டைக் கொத்திட்டு பழையபடி சுண்ணாம்பு பூசுன கொத்தனார்களுக்கும், ஒரு நாள் மீன்பாட்டுல கோவிலுக்குன்னு பங்கு ஒதுக்குன வள்ளம், விசைப்படகுக்காரங்களுக்கும், சம்பளத்துல இருந்து அனுப்புன வளைகுடா பிள்ளைங்களுக்கும், வேலையாட்களுக்கு மதியம் சோறு பொங்கிப் போட்ட அன்பியத்து (பங்குல இருக்கிற சின்னக் குழுக்கள்) அக்காமாருக்கும், குத்துவிளக்கும் மெழுகுதிரித் தண்டும் புளி போட்டு விளக்குன பீடச்சிறுவர்களுக்கும் மனசார நன்றி. வரவு செலவு கணக்கு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு.

இனிமே பீடத்து மேல நேரா மெழுகுதிரி ஒட்ட வேண்டாம், சீரியல் லைட்டுக்கு ஆணி அடிக்க வேண்டாம், பூமாலையை சுரூபத்துக்கு முன்னால இருக்கிற கம்பியில தொங்கவிடுங்க, ஈரம் பட்டா ரேக்கு உரியும்.

பிரசங்கத் தொட்டி வேலை இன்னும் பாக்கி இருக்கு. அதோட மேல்கூரை எப்படி இருந்துச்சுன்னு ஆசாரி அண்ணாச்சிக்கு ஒரு படமாவது வேணும், உங்க அப்பா அம்மா தாத்தா பாட்டி கல்யாண ஆல்பத்துல இடது பக்கத் தூணுக்கிட்ட அது தெரியுற மாதிரி போட்டோ இருந்தா தயவுசெஞ்சு பங்கு ஆபீஸ்ல குடுங்க, காப்பி எடுத்துட்டு ஒரிஜினலை அன்னைக்கே திருப்பிக் குடுத்துருவோம்.