கூட்டருகே கேமரா வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பறவைகளைப் படமெடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் லென்ஸ் தேர்வு குறித்த பகுதி பயனுள்ளது. ஆனால் கூட்டை மறைக்கும் இலைகளைச் சற்று விலக்கிவிட்டால் படம் தெளிவாக வரும் என்ற யோசனையைத் தயவுசெய்து அடுத்த இதழிலேயே திருத்துங்கள். புதிதாகக் கேமரா வாங்கியவர் அதை அப்படியே செய்தால், மாலைக்குள் அந்தக் கூடு காலியாகிவிடலாம்.

நிழலும் மறைப்பும் பார்த்துத்தான் பறவை இடம் தேர்கிறது. அடையிலிருக்கும் முட்டைக்குச் சுமார் 37, 38 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கொஞ்ச நேரம் குளிர்ந்தால் கரு ஓரளவு தாங்கும். ஆனால் 38 டிகிரிக்கு மேல் மூன்று நான்கு டிகிரி ஏறினால் தாங்காது. அடைகாப்பது என்றாலே சூடேற்றுவது என்று நினைக்கிறோம். வெட்டவெளியில் முட்டையிடும் ஆள்காட்டியைப் பாருங்கள்: உச்சி வெயிலில் முட்டைகளின் மேல் நின்று நிழல் தரும், வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். அந்த வேளையில் ஒருவர் கேமராவோடு பத்து நிமிடம் அங்கே நின்றால், அத்தனை நேரமும் முட்டைகள் வெயிலில் கிடக்கும். பொரித்த குஞ்சுக்கும் முதல் சில நாள் இதே கதிதான்; இறகு முளைக்கும்வரை உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதனால் முடியாது. இலையை விலக்கிய இடைவெளி வெயிலுக்கு மட்டுமல்ல, காகத்தின் கண்ணுக்கும் திறந்த வழி.

பறவை கூட்டைக் கைவிடும் வாய்ப்பு அதிகம் உள்ளது, கூடு கட்டும்போதும் முட்டையிடும்போதும். குஞ்சு வளர வளர அது குறையும். அதனால் கடைசி நாட்களில் நெருங்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு; அதுவும் தவறு. பறக்கத் தயாராகும் குஞ்சுகள் ஆள் நெருங்கினால் நாள் நிறையும் முன்பே கூட்டிலிருந்து குதித்துவிடும். திரும்ப எடுத்து வைத்தாலும் பெரும்பாலும் தங்காது.

இருவாச்சியின் நிலை இன்னும் மோசம். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை எச்சத்தாலும் இரை மிச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டுமே திறந்திருக்கும். சிறகு இறகுகளையும் உள்ளேயே உதிர்க்கிறது. வாரக்கணக்கில் அதற்கும் குஞ்சுக்கும் ஆண் கொண்டுவருவதுதான் உணவு. கீழே ஆட்கள் நிற்பதைக் கண்டு ஆண் தயங்கித் திரும்பினால் உள்ளே இருப்பவை பட்டினி. பொந்து மரத்தடியில் பத்துப் பேர் கேமரா முக்காலியோடு வரிசை கட்டுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

நெருங்கித்தான் ஆக வேண்டும் என்ற காலம் ஒன்று இருந்தது. 1900 வாக்கில் பறவைப் படக்கலையின் முன்னோடிகளான இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் மாட்டுத் தோலால் செய்த, உள்ளே வெற்றிடமான மாட்டுப் பொம்மைக்குள் ஒளிந்து படமெடுத்தார்கள். அதே நாட்டின் பறவைப் படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங் 1937இல் கூட்டருகே ஆந்தையால் தாக்கப்பட்டு இடது கண்ணை இழந்தார். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. முழுச்சட்ட (36 மி.மீ. அகல) சென்சாரில் 600 மி.மீ. லென்ஸ், 20 மீட்டர் தூரத்தில் 1.2 மீட்டர் அகலத்தைக் காட்டும், 15 செ.மீ. பறவை அதில் எட்டில் ஒரு பங்கு. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 80 செ.மீ. அகலம்தான், பறவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வெட்டிப் பெரிதாக்க இது தாராளம்.

அதைவிட நல்ல வழி, கூட்டை விட்டுவிட்டு அதற்கு வரும் பாதையைப் பிடிப்பது. இரையோடு வரும் பறவை நேரே கூட்டுக்குள் நுழைவது அரிது. பக்கத்தில் வழக்கமான ஒரு கிளையில் உட்கார்ந்து நாலாபுறமும் பார்த்துவிட்டே நுழையும். பைனாகுலரில் தொலைவிலிருந்து அரைமணி நேரம் பார்த்தால் அந்தக் கிளை எது என்று தெரிந்துவிடும். கூடு படச் சட்டத்துக்குள் வராதபடி, தொலைவிலிருந்தே அந்தக் கிளையைக் குறிவையுங்கள். அமர்ந்த பறவைக்கு 1/500 நொடி போதும், கிளம்பும் கணத்துக்கு 1/2000 வேண்டும். ஒலியில்லா ஷட்டர் நல்லதுதான், ஆனால் பல கேமராக்களில் பறக்கும் சிறகு வளைந்து பதிவாகும். பிளாஷ், டிரோன், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவது மூன்றும் கூடாது.

அலகில் புழுவோடு கிளையிலேயே காத்திருப்பது, திரும்பத் திரும்பக் குரல் எழுப்புவது, அலகைக் கிளையில் தேய்த்துக்கொண்டே இருப்பது, சிறகொடிந்தது போல் தரையில் தத்துவது - இவற்றில் எது தெரிந்தாலும் நீங்கள் நிற்கும் இடம் தவறு. உடனே பின்வாங்குங்கள். வந்த வழியிலேயே திரும்பாமல், கூட்டைத் தாண்டி வேறு பக்கம் போவது நல்லது. கூட்டோடு முடியும் காலடித் தடம் வேட்டையாடும் விலங்குக்கு வழிகாட்டும்.

உள்ளே எட்டிப் பார்க்காமலே குஞ்சின் வளர்ச்சியைக் கணிக்கலாம் என்பதும் கட்டுரையில் விட்டுப்போயிற்று. வந்த நேரம், ஆணா பெண்ணா, அலகில் என்ன, உள்ளே எத்தனை நொடி, போகும்போது என்ன எடுத்துச் சென்றது என்று ஒரு மணி நேரம் குறித்தாலே போதும். முதல் நாட்களில் பறவை உள்ளே நெடுநேரம் தங்கும், இரை சிறியது. பிறகு கொடுத்த மாத்திரத்தில் கிளம்பும், இரை பெரிதாகும். பல சிறு பறவைகளின் குஞ்சு, எச்சத்தை வெண்ணிறச் சவ்வுப் பையாக வெளியேற்றும். தாயோ தந்தையோ அதைக் கவ்விச் சென்று தொலைவில் போட்டுவிடும். அந்த வெள்ளைப் பை அலகில் தொங்க, பறவை கூட்டிலிருந்து கிளம்பும் காட்சி, வாய் பிளந்த குஞ்சுகளின் ஆயிரமாவது படத்தைவிட எவ்வளவோ மேல்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். வாசகர் படங்களை வெளியிடும்போது லென்ஸ் நீளத்தையும் எடுத்த தூரத்தையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். அவை படத்தில் பறவை தெரியும் அளவோடு பொருந்தாவிட்டால் படத்தை ஒதுக்குங்கள். இணையத்தில் ஏற்றும் முன் படக்கோப்பிலுள்ள ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுங்கள்; கூட்டின் இடம் முட்டை திருடுபவருக்கும் குஞ்சு பிடிப்பவருக்கும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
பறவை நோக்கும் வாசகர் ஒருவர்