ஏற்காட்டுக் கிராம சபைகளின் குரல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காலநிலை மாற்றம் குறித்து மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய விரும்புவோர், நகரத்து அரங்குகளில் கூடுவோரை மட்டும் கேட்டுவிட்டு அமைதியடைவது முறையன்று. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் காபிச் செடி பூப்பதற்கு மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் கோடை மழையே ஆதாரம். அது பொய்த்தாலோ, காலம் தவறிப் பெய்தாலோ பூ சரிவரப் பிடிப்பதில்லை என்பதோடு, காய்கள் ஒரே சீராகப் பழுக்காததால் மீண்டும் மீண்டும் பறிக்க நேர்ந்து கூலிச் செலவும் ஏறுகிறது. நிழல் குறைந்து வெயில் படும் அராபிகா வகைக் காபிச் செடிகளையே தண்டுத் துளைப்பான் வண்டு அதிகம் தாக்கும் என்பது தெரிந்திருந்தும், நிழல் மரங்களை வெட்டி விடுதிகள் எழுப்புவதை நாம் வளர்ச்சி என்கிறோம். இது எனக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது. இவற்றைத் தோட்டத் தொழிலாளர்களும் இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் ஆய்வறிக்கை படித்தா அறிய வேண்டும்? மலையோடு முடிவதும் அல்ல இது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் கழிவுநீராக ஓடுவதை நாள்தோறும் பார்க்கிறோம்.

மாநில அரசின் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் அமைந்திருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய கிராம சபைகளில் ஒன்றிலேனும் நீரூற்று, நிழல் மரம், குப்பை, மழை தவறுவதால் பறிபோகும் வேலை நாட்கள் ஆகியவற்றைத் தனிப் பொருளாக வைத்து, பெண் தொழிலாளர்களைப் பேசவிட்டு, தீர்மானத்தை அந்த இயக்கத்திற்கு அனுப்ப வேண்டும். அதற்கு வரும் பதிலை அடுத்த கிராம சபையில் வாசிக்கவும் ஆட்சியர் ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சேலம்.