தஞ்சாவூர்த் தீயும் பெருங்காமநல்லூரும்

உசிலம்பட்டி,
ஏப்ரல் 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பேத்தி காதுகுத்துக்கு வர முடியாமல் போய்விட்டது. முழங்கால் வலியில் தஞ்சாவூர் வரை பஸ்ஸில் உட்கார முடியாது. தங்கச்சியிடம் சொல், கோபப்பட வேண்டாம் என்று.

மூன்றாம் தேதி மட்டும் பக்கத்துப் பெருங்காமநல்லூருக்குப் போய் வந்தேன். 1920-இல் அதே நாளில், ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிந்த குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குக் கைரேகை வைக்க மறுத்த சனங்களைப் போலீஸ் சுட்ட ஊர். செத்த 16 பேரில் மாயக்காளும் ஒருத்தி. அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்பார்கள்.

"நூறு வருஷம் தாண்டியும் ஏன் அழுகிறீர்கள்? உங்கள் பாண்டியன் எங்கள் ஊரை எரித்ததற்கு நாங்கள் கோபித்தோமா?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தி, கழுதை பூட்டி உழுது கவடி (சோழி) விதைத்ததை, கல்வெட்டில் வெட்டிய புகழ்ப்பாட்டான அவன் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு நானும் பூரித்தேன். பட்டினப்பாலை என்ற சங்கப் பாட்டுக்குச் சோழன் பரிசாகக் கொடுத்த மண்டபத்தின் பதினாறு தூண்களை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு பாடுகிறது. தூணுக்குக்கூடக் கணக்கு இருக்கிறது மாப்பிள்ளை. அந்தத் தீயில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருத்தியின் பெயர்கூட இல்லை. நீங்கள் மன்னித்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. சொல்லி அழ ஆளே மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.

பழசானால் எல்லாம் ஆறிவிடும் என்பதும் சரியில்லை. இலங்கையின் பழைய தலைநகரான அனுராதபுரத்தைச் சோழர் அழித்ததை நாம் வெற்றியாகப் படிக்கிறோம், சிங்களவர் காயமாகப் படிக்கிறார்கள். அங்கே சண்டை நேற்றுவரை நடந்தது. இங்கேயோ நீயும் நானும் சம்பந்தம் பேசுகிற உறவில் இருக்கிறோம்.

பெருங்காமநல்லூர் எனக்குப் பழசே இல்லை. அந்தச் சட்டத்தால் தாத்தா கல்யாணத்தன்று ராத்திரியும் போலீஸ் ஸ்டேஷனில் போய்த்தான் படுத்தார் என்று அப்பத்தா சொல்லும்போது குரல் கம்மிவிடும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 1947-இல் சட்டம் போனது. போன வாரம் பேரனுக்கு, அந்தச் சட்டப் பட்டியலில் இருந்தவர்களுக்குத் தரும் சீர்மரபினர் சான்றிதழ் வாங்க வரிசையில் நின்றேன். அது என்ன சாதி தாத்தா என்று கேட்டான். கைரேகையிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனியில் நீ இங்கே வா. பெருங்காமநல்லூருக்கு இருவரும் போவோம். அப்புறம் முழங்கால் சரியானதும் நான் அங்கே வருகிறேன். பாண்டியன் வெற்றிக்குப் பிறகு வீராபிஷேகம் செய்துகொண்ட ஆயிரத்தளி பழையாறைப் பக்கம் என்கிறார்களே, அங்கே என்னைக் கூட்டிப் போ.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை