வார நாளில் எடுத்த படம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆச்சியும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

இந்தத் தடவை செங்கோட்டையில் சாரல் விடாமல் அடிக்கிறது. பட்டறையில் இழைத்து வைத்த பலகையெல்லாம் ஈரம் குடித்துக் கிடக்கிறது. குற்றாலத்துக் கூட்டத்தில் தென்காசி போய்த் திரும்பவே அரை நாள் ஆகிவிடுகிறது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் எப்போதும் அம்மா கையில்தான் இருக்கிறது. மில்லில் வேலை பார்க்கும் ஆரியங்காவுப் பையன் இதைப் படம் எடுத்து அவன் போனிலிருந்து உனக்கு அனுப்பித் தருவான். அவன் பேசுவது நம்மைப்போலத் தமிழ்தான், ஆனால் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளியில். தமிழ் எழுத்துக் கூட்ட வராது. அதனால் தைரியமாக எழுதலாம். எழுத ரகசியம் ஒன்றும் இல்லை, சும்மா சொன்னேன்.

நீ அனுப்பிய படங்கள் வந்தன. அங்கே அமெரிக்காவில், ஓஹியோவின் கிங்ஸ் ஐலண்ட் பார்க்கில் இருக்கிற பீஸ்ட் என்கிற அந்த மர ரோலர் கோஸ்டரின் முதல் இறக்கத்தைக் கீழே நின்று எடுத்திருக்கிறாயே, அதுதான் நன்றாக இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் பிணைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் தச்சு தெரிந்தவன் செய்த வேலை என்று தெரிகிறது. மில்லில் எல்லோருக்கும் காட்டினேன். 7,361 அடி நீளம், 35 ஏக்கர் காட்டுக்குள் ஓடுகிறது, 1979இல் திறந்தது, மர கோஸ்டர்களில் இன்றும் உலகத்திலேயே நீளமானது இதுதான் என்று நீ சொன்னதையெல்லாம் நானே பக்கத்தில் நின்று பார்த்தவன்போலச் சொன்னேன். மில்காரர் கேட்டார், உங்கள் மகன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனானா, மர வேலைக்குப் போனானா என்று. சிரித்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை, கூட்டமே இல்லை, இறங்கி இறங்கி ஏறினேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு முந்தின வாரம் புதன்கிழமையும் போயிருக்கிறாய். சீசன் பாஸ் இருக்கிறது, தனியாகச் செலவில்லை என்றும் எழுதியிருந்தாய். செலவைப் பற்றி நான் கேட்கவே இல்லையே.

சரி, அதை விடு. உங்கள் கோஸ்டர் பிரியர்கள் கூட்டத்துக்குள் நடக்கிற சண்டையைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டாய் அல்லவா, அதைச் சொல்கிறேன். 2022இல் கிரேட் கோஸ்டர்ஸ் கம்பெனிக்காரர்கள் பீஸ்டில் 2,000 அடிக்கு மேல் தடத்தைப் பிரித்துப் புதிதாகப் போட்டார்கள், முதல் இறக்கம் 45 டிகிரி சரிவாக இருந்ததை 53 ஆக்கினார்கள் என்றாய். உங்களில் பாதிப் பேர் பழைய ஆட்டம் போய்விட்டது என்கிறார்கள், மீதிப் பேர் முதுகு தப்பியது என்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறார்கள். மரத்தில் கட்டியது எதுவும் பாரம் ஏறினால் அசையத்தான் வேண்டும். அசைய இடம் விடாமல் இறுக்கினால் பொருத்து பிளக்கும். ஆனால் தேய்ந்துபோய் ஒவ்வொரு கூட்டிலும் தூக்கிப் போடுகிறது என்றால் அது மரத்தின் குணம் இல்லை, பராமரிப்பு இல்லாததன் குணம். அதைப் போய் ஆத்மா, உயிர் என்று கொண்டாடக் கூடாது. மனுஷரை ஏற்றுகிற சாமான் அது.

நீ வீடியோவில் விளக்கியதைக் கேட்ட பிறகுதான் அந்தத் தடம் எனக்குப் புரிந்தது. தடித்த ஒரே உத்தரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வளைத்து, ஆணி அடித்து, மேலே இரும்புப் பட்டை ஓட்டுகிறார்கள். அதுதான் புத்தி. தடித்த கட்டையை அந்த வளைவுக்கு வளைக்க எந்த ஆசாரியாலும் முடியாது. மேல் அடுக்கு கெட்டால் அதை மட்டும் எடுத்துவிட்டுப் புதிது போடலாம். பார்க் மூடியிருக்கும் பனிக்காலத்தில் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்றாயே, அந்தக் குளிரில் விறைத்த கையோடு ஆணி பிடிக்கிறவனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

பைன் மரம் என்றதுதான் எனக்கு ஒட்டவில்லை. இங்கே பைன் என்றால் வெளிநாட்டுச் சாமான் வருகிற பெட்டிதான். ஆரியங்காவு டெப்போவில் தேக்குத் தடி ஏலம் எடுத்துப் பழகியவனிடம் போய் நூறு அடி உயரக் கோஸ்டர்களைப் பைனில் கட்டுகிறார்கள் என்கிறாய். மருந்தை அழுத்தி உள்ளே ஏற்றிய மஞ்சள் பைன், நம் ஊர்ப் பெட்டிப் பைன் இல்லை என்றாய். இருக்கலாம். மழைக்கும் வெயிலுக்கும் மாறி மாறி நிற்கிற மரம் எதுவானாலும் ஒரு நாள் இழுக்கும். நீ உட்காருவதற்கு முன்னால் யாராவது நடந்து பார்த்தார்களா என்று விசாரித்துக்கொள். தினமும் காலையில் ஆள் தடத்தின்மேல் நடந்து பார்ப்பார்கள் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் விசாரித்துக்கொள்.

ஏனென்றால் அதே பார்க்கில் 2000இல் கட்டிய சன் ஆஃப் பீஸ்ட் கதையையும் நீதான் சொன்னாய். மர கோஸ்டரில் தலைகீழ் வளையம் வைத்தார்கள். 2006 ஜூலையில் ஒரு சட்டம் பிளந்து தடம் குழிந்து 27 பேருக்கு அடி. கடைசியில் 2012இல் முழுசையும் இடித்தே போட்டார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே. ஏற்றத்தில் கேட்கிற டக் டக் சத்தத்துக்கே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அது வண்டி பின்னால் நழுவாமல் பல் பிடிக்கிற சத்தம், அப்புறம் தடத்துக்கு மேலே, பக்கத்தில், அடியில் என்று மூன்று இடத்தில் சக்கரம் இருப்பதால் வண்டி கழன்று போகாது என்று நான்தான் சமாதானம் சொன்னேன். அடிச் சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்பவர் 1919இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார் என்றும் சொன்னேன். அதைக் கேட்டு அவள், மோன் சாப்பிட்டானா என்று கேளுங்கள், மில்லர் இருக்கட்டும் என்றாள்.

ஆமாம், சாப்பிடுகிறாயா? படத்தில் கன்னம் ஒட்டியிருக்கிறது. தாடி விட்டதால் அப்படித் தெரியலாம்.

இன்னொன்றும் கேட்டிருந்தாய். சீடர் பாயின்ட் என்கிற இன்னொரு பார்க்கில் 1991இல் கட்டிய மர கோஸ்டரை 2016இல் மூடி, மரக் கட்டுமானத்தை வைத்துக்கொண்டே இரும்புத் தடம் போட்டு, 2018இல் வேறு பெயரில் திறந்தார்களே, அதை மர கோஸ்டர் என்று சொல்லலாமா என்று. திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. யாரும் அதைத் தேர் இல்லை என்று சொல்லவில்லை, வடம் பிடிக்காமலும் இருக்கவில்லை. ஆனால் ஆள் உட்கார்ந்து போகிற தடமே இரும்பு என்றால் நான் அதை மர வேலையில் சேர்க்க மாட்டேன். உன் நண்பர்களிடம் சொல், செங்கோட்டை ஆசாரியின் தீர்ப்பு இது என்று.

உனக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று ஆச்சி கேட்டாள். எனக்குத் தெரியும். அம்மாவின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பழைய மீட்டர் கேஜ் ரயிலில் நீ ஜன்னல் கம்பியை விடவே மாட்டாய். பகவதிபுரம் தாண்டினதும் குகை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். பதிமூன்று கண் பாலத்தில் எல்லோரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் நீ மட்டும் அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாய். முன்னால் ஒரு என்ஜின் இழுக்கிறது, பின்னால் எதற்கு இன்னொன்று தள்ளுகிறது என்று கேட்டு அந்தப் பெட்டி முழுவதையும் சிரிக்க வைத்தாய். ஏற்றத்தில் ஒன்றால் முடியாது, பின்னால் ஒரு ஆள் வேண்டும் என்று சொன்னேன். 2018இல் அகலப் பாதை திறந்த பிறகு நானும் அம்மாவும் அதில் போய் வந்தோம். வண்டி நன்றாகத்தான் போகிறது. நீ இன்னும் அதில் போகவில்லை. இரண்டு கோயில் கொடைக்கு வரவில்லை, சித்தி மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. லீவு கிடைக்காது என்றாய். இப்போது செவ்வாய்க்கிழமை லீவு கிடைக்கிறது.

கோபமாக எழுதவில்லை. பொதுவாக ஒரு விஷயம் சொல்கிறேன். கடையநல்லூரிலிருந்து கதவு செய்யச் சொல்ல வந்த ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் சொந்தக்காரப் பையன் அமெரிக்காவில் உன்னை மாதிரி விசாவில் இருந்தானாம். கம்பெனியில் ஆள் குறைத்தார்களாம். வேலை போனால் 60 நாள்தான் கணக்காம், அதற்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டுமாம். அந்தப் பையன் வீட்டில் சொல்லாமலே நாளைக் கடத்தினானாம். எதற்குச் சொல்லாமல் இருக்க வேண்டும்? கம்பெனி கணக்குப் போட்டு ஆளைக் குறைப்பதில் பையன் என்ன செய்வான்? அவர் சொன்னார், நான் கேட்டேன், அவ்வளவுதான். நம் சித்தப்பா துபாயிலிருந்து வந்து தென்காசியில் இருந்த கதை உனக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஆச்சி அதற்கப்புறம்தான் சர்க்கரைக்கு மாத்திரை போட ஆரம்பித்தாள்.

கடைசி வரிசையில் உட்காராதே. அங்கேதான் தூக்கிப் போடும், அதற்காகவே உட்காருகிறீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். தனியாகப் போகாதே, யாரையாவது கூட்டிக்கொண்டு போ. படங்களில் உன் பக்கத்துச் சீட் காலியாகவே இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

மாதா மாதம் நீ போடுகிற பணத்தை இனி கொஞ்ச நாளைக்குப் போட வேண்டாம். போன மாதம் போட்டதே அப்படியே பாங்கில் இருக்கிறது. புனலூரில் ஒரு வீட்டுக்கு வாசற்கதவு, நிலை, எட்டு ஜன்னல் என்று வேலை வந்திருக்கிறது. அட்வான்ஸ் கை நிறையக் கொடுத்துவிட்டார். எனக்கு மூட்டுவலியும் குறைந்திருக்கிறது. பணம் வரவில்லையே என்று அம்மா கேட்டால் நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்லிக்கொள்கிறேன். நீ அதற்காக யாரிடமும் கைமாற்று வாங்கி அனுப்பிவிடாதே. பாஸ்போர்ட் தேதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள். எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான்.

பேச வேண்டும் என்றால் இந்தப் படம் வருகிற நம்பருக்கே கூப்பிடலாம். காலை ஒன்பது மணிக்குப் பையன் டீ குடிக்கப் போகும்போது போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவான். அங்கே அப்போது ராத்திரி பதினொன்றரை. அந்த நேரத்துக்கு நீ ஆன்லைனில்தான் இருக்கிறாய் என்று அம்மா தினமும் பார்த்துச் சொல்கிறாள்.

இப்படிக்கு
உன் அப்பா

பின்குறிப்பு: எழுத மறந்துவிட்டேன். தென்மலைப் பக்கம் ஒருவர் மரத்திலேயே தூக்கிக் கட்டிய குடில்கள் போடப் போகிறார். மர வேலை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் எந்தக் காலுக்கு எவ்வளவு பாரம் என்று கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்கிறார். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கு அவசரமில்லை, மழை விட்ட பிறகுதான் குழி தோண்டுவார்.