கடன் வாங்காதது குற்றமா? வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளை மேலாளர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. கம்பெனிக் கணக்கோடு, அங்கே வேலை செய்யும் பிள்ளைகளின் பான் கார்டு, பிஎஃப் சிக்கல்களும் என் மேசைக்கே வந்துவிடும். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "அண்ணா, கிரெடிட் கார்டு கேட்டேன், சிபில் இல்லைன்னு பேங்க்ல சொல்லிட்டாங்க."

சிபில் என்பது, வாங்கிய கடனை ஒருவர் எப்படித் திருப்பிக் கட்டினார் என்பதை வைத்துப் போடும் ஸ்கோர்; 300-இலிருந்து 900 வரை போகும். கடனே வாங்காதவருக்கு எண் எதுவும் வராது, அறிக்கையில் -1 என்று நிற்கும். அந்த மைனஸைப் பார்த்துவிட்டு, தன்னை ஏமாற்றுக்காரர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று பயந்து வந்த, துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு நான்தான் விளக்கம் சொன்னேன். உங்கள் கவுண்டரில் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

இவர்கள் கடனே அறியாதவர்களும் இல்லை. மாதம் தவறாமல் சீட்டு கட்டுகிறார்கள், அடகுக் கடையில் வைத்த வளையலை வட்டி கட்டி மீட்கிறார்கள். அந்த நாணயம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அதே வளையலை உங்களிடம் நகைக்கடனுக்கு வைத்திருந்தால் ஏறியிருக்கும்.

ரிசர்வ் வங்கியின் 2025 ஜனவரி 6 தேதியிட்ட வழிகாட்டுதலை உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. முதன்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதை அதே ஆண்டு நிதித்துறை இணை அமைச்சர் நாடாளுமன்றத்திலும் சொன்னார். வருமானத்தைப் பாருங்கள், வேலையை விசாரியுங்கள், அது உங்கள் கடமை. வாரச் சம்பளக்காரர் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குப் பெயர் விசாரணை இல்லை.

கார்டு கொடுக்கத் தயக்கம் என்றால், டெபாசிட்டை ஈடாக வைத்துத் தரும் கார்டு பல வங்கிகளில் இருக்கிறதே! இருபதாயிரம் ரூபாய் எஃப்டி (நிரந்தர வைப்பு) போட்டால், அதில் முக்கால் பங்கோ இன்னும் கொஞ்சம் கூடவோ செலவழிக்க லிமிட் கிடைக்கும், டெபாசிட்டுக்கு வட்டியும் வரும். சின்னச் சின்னச் செலவுக்கு மட்டும் பயன்படுத்தி, பில்லை முழுசாகக் கட்டி வந்தால், ஆறு மாத வாக்கில் ஸ்கோர் என்று ஒன்று உருவாகிவிடும். இதைச் சொல்லாமல் "அடுத்த மாசம் திரும்பப் போட்டுப் பாருங்க" என்று அனுப்புகிறீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரிப்பாகப் பதிவாகும், அது குவிந்தால் அவர்களுக்கே பாதகம் என்பது அவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

சரி, கார்டு கொடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் எனக்குப் பயம் அதிகம். ஸ்டேட்மென்ட்டில் 'மினிமம் டியூ', அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, என்றிருப்பதைக் கட்டினால் போதும் என்றுதான் முதல் கார்டு வாங்குகிற பலர் நினைக்கிறார்கள். 20,000 ரூபாய் பில்லுக்கு 5 சதவீதம், அதாவது ஆயிரம் கட்டுகிறார் என்று வையுங்கள். மீதி 19,000-க்கு மாதம் 3.5 சதவீத வட்டி 665 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 120 ரூபாய். கட்டிய ஆயிரத்தில் ஏறக்குறைய எண்ணூறு மறு மாதமே திரும்ப ஏறிவிடுகிறது. போதாக்குறைக்கு, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் போய்விடும். இந்த எச்சரிக்கை ஸ்டேட்மென்ட்டிலேயே இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்கும் பீஸ் ரேட்டில் ஒரு பைசா குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும் டெய்லருக்கு இந்தக் கணக்கு புரியாதா? தமிழில் சொல்லிப் பாருங்கள்.

ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊரில் திடீர்ச் செலவு வந்தால் பிள்ளைகளின் கை முதலில் அங்கேதான் போகிறது.

நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. எஃப்டி கார்டு உங்கள் வங்கியில் உண்டு என்றால் அதைக் கிளைச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள். கார்டு கொடுக்கும்போது மினிமம் டியூ கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். மறுப்பதாக இருந்தால், கார்டு விண்ணப்பத்தை மறுக்கும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதிப்படி எழுதிக் கொடுங்கள். இனி என்னிடம் வருகிற பிள்ளைகளை அந்தக் கடிதத்தை உங்களிடம் கேட்டு வாங்கி வரச் சொல்லித்தான் அனுப்பப் போகிறேன்.

இப்படிக்கு,
திருப்பூர்க் கணக்கர் ஒருவர்